ஆவணியில் மண்டபத்தில் கல்யாணம்: குப்பை குறைவாக நடத்துவது எப்படி?

உச்சிப்புளிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வருகிற ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம். (ஊரும் மண்டபம், கட்டடமும் மண்டபம் என்பதால் வெளியூர் உறவினர்களுக்கு வழி சொல்வதற்குள் நா வறண்டுவிடுகிறது.) ஏறத்தாழ 700 பேர் வருவார்கள். காலைச் சிற்றுண்டியும் பகல் சாப்பாடுமாக இரண்டு வேளைப் பந்தி உண்டு.

சென்ற ஆண்டு பெரியப்பா மகள் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில், மறந்து வைத்துவிட்டு வந்த குத்துவிளக்கை எடுப்பதற்காக நான் தனியாக அந்த மண்டபத்துக்குப் போனேன். பின்புறச் சுவரை ஒட்டி, மேசையில் விரித்திருந்த பிளாஸ்டிக் தாளோடு சேர்த்துச் சுருட்டி எறியப்பட்ட எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. பாதி குடித்து மூடிய தண்ணீர்ப் பாட்டில்கள் முழங்கால் உயரத்துக்கு இருந்தன. மூன்று மாடுகள் அந்தத் தாளை இலையோடு சேர்த்து இழுத்து மென்றுகொண்டிருந்தன. காகிதக் கோப்பைகள் மட்டும் அங்கே இல்லை; அவற்றைக் காற்று ஏற்கெனவே கடற்கரைப் பக்கம் கொண்டுபோயிருந்தது. முதல் நாள் அந்தக் கோப்பைகளில் காபி எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

தம்பி கல்யாணத்தை அப்படி நடத்த எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டில் பேச்சு எடுத்தாலே ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். பந்தியில் பாட்டில் வைக்காவிட்டால் ஊர் பேசும் என்கிறார் அப்பா. வாசலில் பன்னிரண்டு அடி உயர ஃபிளெக்ஸ் வைப்பதாகத் தாய்மாமா சொல்லிவிட்டார், அச்சகத்தில் முன்பணமும் கொடுத்துவிட்டார். சித்தப்பா பிள்ளைகளோ மாலை வரவேற்பை அரியமான் கடற்கரையில் வைத்து, சங்கு சிப்பியால் மேடை கட்டி, பலூன் பறக்கவிட வேண்டும் என்கிறார்கள். மிஞ்சும் சோற்றையெல்லாம் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். இப்படி நடத்திப் பார்த்தவர்கள் இருந்தால், எது நடக்கும், எது நடக்காது என்று சொல்லுங்கள்.

சமையல்கட்டு எழுதியது:

தங்கச்சி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரையில் கல்யாணச் சமையல் செய்கிறேன். அலங்காரத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். குப்பையில் பெரும்பகுதி பந்தியிலிருந்துதான் வருகிறது. பந்தியிலும் இலையால் வருவதில்லை, இலையைச் சுற்றி நாம் வைக்கிற பொருள்களால்தான் வருகிறது. மேசை விரிப்புச் சுருள், பாட்டில், பாயசக் கோப்பை, ஐஸ்கிரீம் கோப்பையும் அதன் கரண்டியும், பீடாவைச் சுற்றிய தாள் ஆகிய இவற்றை நிறுத்திவிட்டால் எஞ்சுவது இலையும் சோறும் மட்டும்தான். அதை மண்ணில் புதைத்தாலும் எருவாகிவிடும்.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் நாளிலேயே ஒப்பந்தக்காரரிடம் இவற்றை எழுதி வாங்கிவிடுங்கள். மேசைக்கு விரிப்பு வேண்டாம், ஒவ்வொரு பந்திக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைக்க இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும் என்று சொல்லுங்கள். பாயசத்தை இலையிலேயே விடச் சொல்லுங்கள். அப்பளத்தை நொறுக்கிப் போட்டு இலையில் பாயசம் சாப்பிடத் தெரியாதவர் நம் பக்கத்தில் யாரும் இல்லை. இலை நல்ல வாழையிலையாகவே இருக்கட்டும். வாழையிலை போலவே பச்சை நிறத்தில் அச்சடித்த, பிளாஸ்டிக் பூசிய காகித இலை ஒன்று விற்கிறார்கள்; ஆவணி முகூர்த்தங்களில் இலை விலை ஏறும்போது சிலர் அதைச் சொல்லாமல் கலந்துவிடுவார்கள். நம் மாவட்டத்துக்கு இலை வெளியூர்களிலிருந்துதான் வருகிறது என்பதால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

தண்ணீருக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்களைப் பந்திக் கூடத்தின் இரு மூலைகளிலும் வைப்போம். இலை போட்டதும் தம்ளர் வைத்து, செம்பில் கொண்டுபோய் ஊற்றுவோம். முப்பது பேருக்கு ஓர் ஆள், அவருக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர வேறு வேலை கொடுக்கக்கூடாது. பாட்டில் வைத்தால் அந்த ஆளின் கூலி மிச்சம் என்பதால்தான் ஒப்பந்தக்காரர்கள் பாட்டிலை விரும்புகிறார்கள். விருந்தாளிகள் கேட்டு அது வந்ததில்லை.

படகுத்துறை எழுதியது:

கடற்கரை வரவேற்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஆவணியில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) நிற்காது. தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும் நேரம் அது. அரியமான் வடகடல் பக்கம் என்பதால் அலை அடங்கியிருக்கும், படம் பிடிக்க அழகாகவும் இருக்கும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். நீங்கள் மேசையில் வைக்கிற காகிதக் கைக்குட்டை, கோப்பை, ஜிகினாத் தாள் எல்லாம் நேராகப் பாக் விரிகுடாவுக்குள் போய்விடும். குப்பைத்தொட்டி வைத்தாலும் அதன் வாயிலிருந்தே தூக்கிக்கொண்டு போகும். அந்த மாதத்தில் அங்கே பந்தல் போட்ட ஒருவர், மறுநாள் பந்தல் துணியைச் சவுக்குத் தோப்பில் தேடிப் பொறுக்கியதை நானே பார்த்தேன்.

பலூனைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மேலே போன பலூன் எங்கேயோ வெடித்துக் கந்தலாகக் கடலில்தான் விழும். தண்ணீரில் மிதக்கும்போது அது பார்ப்பதற்குச் சொறி மீன் (ஜெல்லி மீன்) போல இருக்கும். சொறியைத் தின்னும் ஆமைகள் அதை விழுங்கிவிடும். நெருப்பு வைத்துப் பறக்கவிடுகிற காகித விளக்குக்கும் இதே கதைதான், ஓலைக் கொட்டகைகள் இருக்கிற குப்பத்தில் அது வேறு ஆபத்தும் கூட.

சங்கு சிப்பி மேடை என்றதும் எனக்குச் சற்றுப் பயமாகவே இருந்தது. இராமேசுவரம் தீவிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பவளப்பாறையும் கடல் அட்டையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே முதல் பட்டியலில் வருகின்றன. சங்குகளிலும் சில வகைகளைத் தொடக்கூடாது. கரையில் ஒதுங்கிய காய்ந்த பவளத் துண்டுதானே என்று மேடையில் வைத்தால், மாப்பிள்ளையை வனத்துறை அலுவலகத்தில் உட்காரவைக்க வேண்டியதாகிவிடும். எந்தச் சிப்பி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் எதையும் எடுக்காமல் இருப்பதே மேல்.

ஆவணியில் உங்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. பங்குனியாமை முட்டையிடக் கரையேறுவது பெரும்பாலும் தை, மாசி, பங்குனியில்தான். அந்த மாதங்களில் கடற்கரையில் வெள்ளை விளக்கைக் கொளுத்தினால் பொரித்து வெளியே வருகிற குஞ்சுகள் கடல் என்று நினைத்து விளக்கைத் தேடிப் போய்ச் சாகும். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

குறுக்குக் கேள்வி எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் நான் மறுபக்கத்தைக் கேட்கிறேன். இராமநாதபுரம் தண்ணீர் இல்லாத மாவட்டம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடத்துக்கு விலை கொடுத்து வாங்குகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் பாட்டிலை ஒழிக்கிறேன் என்று 700 பேர் குடித்த தம்ளரைக் கழுவ நல்ல தண்ணீரைக் கொட்டுவது எந்த வகையில் இயற்கைக்கு நல்லது? பாட்டிலையாவது பொறுக்கி எடைக்குப் போடுகிறவர் உண்டு, சாக்கடையில் போன தண்ணீரை யார் திருப்பித் தருவார்? அதோடு, வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரில் வந்து இறங்கப்போகிறார்கள். அந்தப் புகையை விட்டுவிட்டுத் தம்ளரைப் பற்றிப் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சமையல்கட்டு எழுதியது:

நியாயமான கேள்வி. கணக்காகவே பார்த்துவிடலாம். 700 பேர், இரண்டு வேளை என்றால் 1,400 முறை தண்ணீர் வைக்க வேண்டும். 300 மில்லி பாட்டில் என்றால் 420 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேனில் 21 கேன். குடிக்கிற தண்ணீர் எந்த முறையிலும் இதே அளவுதான், ஆனால் பாட்டிலில் பாதி குடிக்காமல் மூடி எறியப்படுகிறது. தங்கச்சி பார்த்த குவியலில் கிடந்ததும் நல்ல தண்ணீர்தானே?

கழுவுவதற்கு வருவோம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நாங்கள் மூன்று தொட்டி வைத்துக் கழுவுவோம். முதல் இரண்டிலும் மண்டபத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இருக்கும். அது உவர்ப்பாக இருந்தாலும் எச்சிலைப் போக்கப் போதும். சோப்புதான் அதில் நுரைக்காது, ஆகவே துலக்கும் தூள் போட்டுத் தேய்ப்போம். மூன்றாவது தொட்டியில் மட்டும் நல்ல தண்ணீர். இந்த முறையில் ஒரு தம்ளருக்கு மொத்தம் அரை லிட்டர் ஆகிறது. 1,400 தடவைக்கு 700 லிட்டர். அதில் நல்ல தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 230 லிட்டர், பன்னிரண்டு கேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலசிய தண்ணீரையும் மண்டபத்துத் தென்னைக்கு விடலாம்.

தம்ளர் 1,400 தேவையில்லை. ஒரு பந்திக்கு 120 பேர் உட்கார்ந்தால் இலையில் 120, தொட்டியில் 120, கவிழ்த்துக் காய்வதில் 120 என 360 இருந்தால் எத்தனை பந்தியும் ஓடும். உடைசல், தொலைசலுக்குச் சேர்த்து 400 என்று நான் சொல்வேன்.

குறுக்குக் கேள்வி எழுதியது:

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். கார் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

தேவிபட்டினம் அத்தை எழுதியது:

காருக்கு விடை ரயில்தான். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து இராமேசுவரம் வரை வண்டி மறுபடியும் ஓடுகிறது. பழைய பாலத்தில் 2022 கடைசியில் நிறுத்தியது முதல் மண்டபத்தோடு நின்றுபோயிருந்தது. மதுரை, மானாமதுரை, பரமக்குடிப் பக்கத்து உறவினர்கள் பாசஞ்சரில் வந்து மண்டபத்தில் இறங்கலாம். பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே வண்டி வந்து சேரும் நேரத்தையும் அச்சடித்து, நிலையத்துக்கு ஒரு வேன் அனுப்புங்கள். என் மகள் கல்யாணத்துக்கு அப்படிச் செய்தோம். வயதானவர்கள்தான் முதலில் ரயிலில் வந்தார்கள், இளையவர்களை எங்களால் காரிலிருந்து இறக்க முடியவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கீழக்கரை காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் ஊர் நிக்காஹ் விருந்தில் சஹன் வைத்துச் சாப்பிடுகிற வழக்கம் உண்டு. ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். 600 பேருக்கு விருந்து என்றால் கழுவ வேண்டிய தட்டு 150 அளவில் முடிந்துவிடும். கையலம்பச் செம்பும் தாம்பாளமும் ஆள் எடுத்துவருவார், அதனால் குழாயடியில் தண்ணீர் வீணாவதும் இல்லை. என் வாப்பா காலத்தில் வலீமா (கல்யாண விருந்து) முடிந்த மறுநாள் தெருவில் எலும்பைத் தவிர வேறு குப்பை கிடந்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்காக நாங்கள் ஒழுங்கு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளவும் முடியாது. சஹனுக்குக் கீழே விரிக்கிற சுப்ரா முன்பு துணியாகவோ பாயாகவோ இருந்தது, இப்போது சுருளிலிருந்து கிழித்து விரிக்கிற பிளாஸ்டிக் தாளாகிவிட்டது. ஒவ்வொருவர் பக்கத்திலும் பாட்டிலும் குளிர்பானமும் வந்துவிட்டன. இன்னொரு குறை, பல கைகள் பட்ட சஹனில் மிஞ்சிய சோற்றை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. என் தங்கை மகன் கல்யாணத்தில் அதற்கு ஒரு வழி செய்தோம். முதலில் வைக்கிற அளவைக் குறைத்து, கேட்கக் கேட்க மறுசோறு போட ஆள் நிறுத்தினோம். சட்டியில் மிஞ்சியது கை படாத சோறு என்பதால் சூடு ஆறுவதற்குள் எடுத்துப்போய்க் கொடுக்க முடிந்தது. இலைப் பந்திக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன், கேட்காமல் இலையில் கொட்டுவதை நிறுத்தினாலே போதும்.

மாட்டுக்கொட்டகை எழுதியது:

கேள்வி கேட்ட சகோதரிக்கு ஓர் எச்சரிக்கை. மிஞ்சிய சோற்றை ஆடு மாட்டுக்குக் கொடுக்கும் எண்ணம் நல்ல எண்ணம்தான், ஆனால் அளவு தெரியாமல் கொடுத்தால் அது கொலையில் முடியும். அசைபோடும் பிராணியின் வயிறு நாருக்குப் பழகியது. ஒரே நேரத்தில் நிறையச் சோறு உள்ளே போனால் அது வேகமாகப் புளித்து, வயிற்றில் அமிலம் கூடி, உப்புசம் கண்டு, தீவனத்தை விட்டுவிட்டுப் படுத்துவிடும். பார்க்காமல் விட்டால் ஓரிரு நாளில் செத்தும் போகும். முகூர்த்தத்துக்கு மறுநாள் கால்நடை மருந்தகத்துக்கு இழுத்துவரப்படும் ஆடுகளைப் பார்த்தால் எந்தத் தெருவில் கல்யாணம் நடந்தது என்று சொல்லிவிடலாம்.

இலையை மட்டும் சோறு உதறிக் கொடுங்கள், அதை மாடுகள் ஆசையாகத் தின்னும். காய்கறி நறுக்கிய கழிவும் கொடுக்கலாம். சோற்றைப் பல வீட்டு மாடுகளுக்குப் பங்கிட்டு, வைக்கோலோடு கலந்து, தலைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொல்லுங்கள். மீதிக்குக் குழிதான் சரி. மண்டபத்தின் பின்பக்கம் இடுப்பளவு குழி வெட்டி, சோறு ஓர் அடுக்கு, காய்ந்த சருகும் மண்ணும் ஓர் அடுக்கு என்று மூடினால் நாற்றமும் இல்லை, நாயும் வராது.

ஓய்வுபெற்ற எழுத்தர் எழுதியது:

சட்டம் பற்றிச் சில சொற்கள். நீங்கள் நிறுத்த விரும்புகிற பொருள்களில் பாதி ஏற்கெனவே தடை செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் மேசை விரிப்புப் பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பை, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் தடையில் இருக்கின்றன. 2022 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் தடையில் அழைப்பிதழைச் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் உறையும், 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனரும் அடங்கும். பத்திரிகை அடிக்கும்போது அச்சகத்தில் இதைச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் கண்ணாடித் தாள் உறையோடுதான் கட்டி அனுப்புவார்கள். தண்ணீர்ப் பாட்டில் இந்தத் தடைகளில் இல்லாததால் அதைச் சட்டம் காட்டி நிறுத்த முடியாது, வீட்டில் பேசித்தான் ஆக வேண்டும்.

நான் பணியில் இருந்தபோது நடப்பிலிருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துகிறவர் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. உரிமம் பெற்ற மண்டபத்துக்கு அது பொருந்தவில்லை, கடற்கரையில் கூடினால் பொருந்தியது. நான் பணியில் இருந்தவரை ஒரே ஒருவர்தான் அப்படி எழுதிக் கொடுத்தார். அவருடைய நிகழ்ச்சிக்குத் துப்புரவுப் பணியாளர்களை அன்று மாலையே அனுப்பினோம் என்பதால் எழுதிக் கொடுப்பதில் பலன் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது எல்லாரும் அறிந்ததே, யாரும் கேட்பதில்லை என்பதும் அறிந்ததே.

சாயல்குடி ஓலை எழுதியது:

தாம்பூலப் பையைப் பற்றி யாரும் பேசவில்லையே. நெய்யாத துணிப்பை என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் கொடுக்கிறார்களே, தொட்டால் துணி போலவே இருக்கும், அதுவும் பிளாஸ்டிக்தான், அதற்கும் தடை உண்டு. பருத்தியில் தைத்த மஞ்சப்பை கொடுக்கலாம். எங்கள் பக்கத்தில் பெண்கள் முடைகிற பனையோலைக் கொட்டான் அதைவிட அழகு. தேங்காய் வைக்கத் தாங்காது, வெற்றிலை பாக்கும் ஒரு வட்டுக் கருப்பட்டியும் வைத்துக் கொடுக்கலாம். ஆனால் இப்போதே சொல்லியாக வேண்டும். குருத்தோலை வெட்டி, வெயிலில் காயவைத்து, வார்ந்து, முடைவதற்கு நாளாகும். 700 என்பது ஒரு வீட்டில் முடிகிற வேலையும் இல்லை. ‘ஓலை போல’ இருக்கிற வண்ண ஒயரில் பின்னித் தருகிறேன் என்று இடையில் ஒருவர் வருவார், அவரிடம் ஏமாறாதீர்கள்.

மரக்கன்று கொடுக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இருக்கிற கன்றை வாங்கிப்போய், மூன்று நாள் காரில் வைத்திருந்து, பிறகு உவர் மண்ணில் நட்டால் அது பிழைக்காது. கொடுப்பதானால் பூவரசு, புன்னை, வேம்பு போல உப்புக் காற்றுக்குப் பழகிய மரங்களைக் கேட்கிறவருக்கு மட்டும் கொடுங்கள். என்னைக் கேட்டால் பனங்கொட்டை போதும், தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டாம்.

உச்சிப்புளிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடற்கரை வரவேற்பைப் படகுத்துறை அண்ணன் எழுதியதைப் படித்துக் காட்டியே நிறுத்திவிட்டேன். வனத்துறை என்ற சொல்லைக் கேட்டதும் சித்தப்பா பிள்ளைகள் சிப்பிப் பேச்சை எடுப்பதே இல்லை. கொட்டானுக்கு இன்று சொல்லிவிட்டோம். மாட்டுக்கொட்டகை ஐயா சொல்லாவிட்டால் அண்டை வீட்டு ஆடுகளின் பாவம் என்னைச் சேர்ந்திருக்கும்.

தீராமல் நிற்பது இரண்டு. ஒன்று அப்பாவின் பாட்டில், மற்றது மாமாவின் ஃபிளெக்ஸ். மாமாவிடம் நேரடியாகச் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய பெயரும் படமும் வாசலில் இருக்க வேண்டும் என்பது அவருடைய உரிமை, அதைக் குப்பை என்று நான் எப்படிச் சொல்வது?

தேவிபட்டினம் அத்தை எழுதியது:

அம்மாடி, நீ இரண்டையும் தனித்தனி முடிச்சாக நினைப்பதால்தான் அவிழ்க்க முடியவில்லை. உன் மாமாவுக்குத் தம் பெயர் தெரிய வேண்டும். உன் அப்பாவுக்குப் பந்தியில் குறை என்று யாரும் சொல்லக்கூடாது. நம் வழக்கத்தில் பெயர் தெரிய ஃபிளெக்ஸ்தான் வேண்டுமா? சீராகக் கொடுக்கிற அண்டாவிலிருந்து அகப்பை வரை கொடுத்தவர் பெயரை வெட்டித்தானே கொடுக்கிறோம்? சமையல்காரத் தம்பி சொன்ன அந்த 400 தம்ளரையும் மாமா சீராக எடுத்துக் கொடுக்கட்டும், ஒவ்வொன்றிலும் தம் பெயரையும் ஊரையும் வெட்டிக் கொடுக்கட்டும். ஃபிளெக்ஸைப் பார்ப்பவர்கள் வாசலில் ஒரு தடவை பார்ப்பார்கள், அடுத்த வாரம் அதை யாராவது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிடுவார்கள். தம்ளரில் இருக்கிற பெயரைச் சாப்பிடுகிற ஒவ்வொருவரும் கையில் எடுத்துப் படிப்பார்கள். மாமா தம்ளர் எடுத்துக் கொடுத்த பிறகு உன் அப்பா அதை ஓரமாக வைத்துவிட்டுப் பாட்டில் வாங்க முடியுமா? மைத்துனன் முகத்தில் அடித்ததுபோல ஆகிவிடாதா?

குறுக்குக் கேள்வி எழுதியது:

அத்தை பேசியதற்கு என்னிடம் மறுகேள்வி இல்லை. சேர்த்துக்கொள்ள ஒன்று உண்டு. அடுப்புக்கு விறகு வைப்பதானால் சீமைக் கருவேல விறகு மட்டும் வையுங்கள். நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிற அந்த மரத்தை வெட்டி எரிப்பதில் யாருக்கும் நட்டம் இல்லை.

உச்சிப்புளிக்காரி எழுதியது:

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நடந்ததைக் குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அத்தை சொன்னதை அம்மா மூலமாக மாமாவின் காதில் போட்டோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பாத்திரக் கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, பெயருக்கு முன்னால் ‘தாய்மாமன்’ என்று போடுவதா வேண்டாமா என்று கேட்டார். அச்சகத்தில் கொடுத்த முன்பணத்துக்குத் துணியில் வண்ணத்தால் எழுதிய ஒரு வரவேற்புப் பலகை வாங்கிக்கொண்டோம். வாசலில் வாழைமரமும் தென்னங்குருத்துத் தோரணமும் போதுமானவையாக இருந்தன. பந்தியில் முதல் தம்ளரை எடுத்துப் படித்தவர் மாமாவின் பழைய பங்காளி ஒருவர். எதிரும் புதிருமாக இருப்பவர்கள் அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

தண்ணீர் ஊற்றும் ஆள்களில் ஒருவர் காலைப் பந்தியில் வரவில்லை. இருபது நிமிடம் கூச்சலாகிவிட்டது, அப்பா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பிறகு தம்பியின் நண்பர்கள் செம்பைக் கையில் எடுத்தார்கள். வெளியூர்ச் சித்தி ஒருவர் தம் காரிலேயே இரண்டு பெட்டி பாட்டில் கொண்டுவந்திருந்தார், விருந்தாளியிடம் என்ன சொல்வது? மேடை அலங்காரம் செய்தவர் பூவைக் குத்தப் பச்சை நுரைக்கட்டியைப் பயன்படுத்தியிருந்தார். மறுநாள் பிரிக்கும்போதுதான் பார்த்தேன், தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிற அது மக்கவும் செய்யாது. வாழைத்தண்டில் குத்தச் சொல்லி முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும், அது என் தவறு. சீர்த்தட்டுகளில் பாதி கண்ணாடித் தாள் சுற்றித்தான் வந்தன.

பின்பக்கக் குழியில் சோறும் இலையும் போயின. மக்காத குப்பை மொத்தம் நான்கு சாக்கு. பெரியப்பா மகள் கல்யாணத்தில் நான் எண்ணவில்லை, ஆனால் ஒரு டிராக்டர் பெட்டி நிறைய ஏற்றினார்கள் என்பது நினைவிருக்கிறது. 400 தம்ளரில் 377 திரும்பி வந்தன.

படகுத்துறை எழுதியது:

வாழ்த்துகள். தையில் என் அண்ணன் மகளுக்குப் பாம்பனில் கல்யாணம், 500 பேர். அந்தத் தம்ளர்களை ஒரு நாளைக்குக் கொடுப்பீர்களா? வாடகை என்ன என்று சொல்லுங்கள். தை மாதம் என்பதால் கடலைப் பார்த்த பக்கத்து விளக்கையெல்லாம் அணைத்துவிடப் போகிறோம் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

உச்சிப்புளிக்காரி எழுதியது:

வாடகை வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார், அதில் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டும். தொலைகிற தம்ளருக்குப் புதிது வாங்கி, அதிலும் அவர் பெயரையே வெட்டிக் கொடுக்க வேண்டுமாம். தை முதல் முகூர்த்தத்துக்கு ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், உங்கள் தேதியைச் சொல்லுங்கள் அண்ணா.